தலைக்கு மேலே போவது எந்த விமானம்? கண்ணால் பார்த்து, டிராக்கரில் உறுதிசெய்யும் முறை

விமானங்களைக் கவனிக்கத் தொடங்கிய முதல் சில மாதங்களில் நான் நோட்டில் எழுதிவைத்த பெயர்கள் பல தவறானவை. இரைச்சல் கேட்கும். போனில் டிராக்கரை, அதாவது பறக்கும் விமானங்களை நேரலையில் வரைபடத்தில் காட்டும் தளத்தை, திறப்பேன். வரைபடத்தில் எனக்கு மிக அருகில் இருக்கும் விமானக் குறியைத் தொட்டு, வந்த பெயரை அப்படியே எழுதிக்கொள்வேன். ஒருநாள் இரண்டு என்ஜின்கள் கொண்ட விமானத்தைக் கண்ணாரப் பார்த்துவிட்டு, நான்கு என்ஜின்கள் கொண்ட ஏ380 என்று எழுதிய பிறகுதான் உறைத்தது. திரை பொய் சொல்லவில்லை. நான் பார்த்தது ஒன்று, தொட்டது இன்னொன்று.

அதனால் இங்கே வரிசை இதுதான்: முதலில் வானம், பிறகு திரை, அதன்பின் மறுபடியும் வானம்.

படி 1: போனை எடுப்பதற்கு முன் பத்து விநாடி

கண்ணில் பட்டவுடன் நான்கு விஷயங்களை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போகிறது? உங்களுக்கு எந்தப் பக்கம், வானில் எவ்வளவு உயரத்தில் தெரிகிறது? என்ஜின்கள் எத்தனை? பின்னால் வெண்கோடு விழுகிறதா? கடைசியாக, மணி என்ன என்று பாருங்கள். நிமிடம் சரியாக இருந்தால் போதும்.

திசை தெரியாதவர்கள் வீட்டு மாடியிலோ வழக்கமாக நிற்கும் இடத்திலோ ஒருமுறை காந்தமுள்ளை வைத்து, வடக்கே எந்தக் கட்டடம், கிழக்கே எந்த மரம் என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. போனிலுள்ள காந்தமுள் இரும்புக் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் உளறும். சற்றுத் தள்ளி நின்று பாருங்கள்.

வானில் உயரத்தை அளக்க உங்கள் கை போதும். கையை முழுதாக நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடித்தால், அந்த முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. அடிவானத்திலிருந்து முட்டிமேல் முட்டி அடுக்கிக்கொண்டே போனால் விமானம் எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். இந்தச் சின்ன அளவுதான் பின்னால் பெரிய வேலை செய்யப்போகிறது.

படி 2: காதை நம்பாதீர்கள்

நான் செய்த தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறந்தது. ஒரு பயணிகள் விமானம் 35,000 அடி உயரத்தில், அதாவது சுமார் 10.7 கிலோமீட்டர் மேலே, நேராக உங்கள் தலைக்கு மேல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒலி தரைக்கு அருகில் விநாடிக்கு 340 மீட்டர் வேகத்தில் போகும். மேலே குளிரில் அதற்கும் குறைவு, 300 மீட்டருக்குச் சற்றே கீழே. ஆகவே அந்த இரைச்சல் உங்களிடம் இறங்கி வர அரை நிமிடத்துக்கும் மேல் ஆகிறது. விமானமோ விநாடிக்கு 250 மீட்டர் நகர்கிறது. தலைக்கு நேர் மேலே இரைச்சல் கேட்கும்போது விமானம் எட்டு ஒன்பது கிலோமீட்டர் முன்னே போய்விட்டிருக்கும்.

இரைச்சல் வரும் இடத்தை அண்ணாந்து பார்த்து, அங்கே ஒன்றும் இல்லையே என்று திகைத்தவர்கள் பலர் இருப்பீர்கள். அங்கிருந்து விமானம் போகும் பக்கமாக நான்கு முட்டி தள்ளிப் பாருங்கள். அநேகமாக அங்கே இருக்கும். விமானம் எவ்வளவு தாழப் பறக்கிறதோ அந்த அளவுக்கு இந்த இடைவெளி சுருங்கும். தரையிறங்க வரும் விமானத்தில் காதும் கண்ணும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும்.

படி 3: கோணத்தைத் தூரமாக மாற்றுங்கள்

வரைபடம் விமானம் தரையில் எந்தப் புள்ளிக்கு மேலே இருக்கிறது என்று காட்டுகிறது. நீங்கள் பார்ப்பதோ சாய்வாக. 35,000 அடியில் பறப்பது 45 பாகையில் தெரிந்தால், அது இருக்கும் இடம் உங்களிடமிருந்து சுமார் 11 கிலோமீட்டர். 30 பாகையில் என்றால் 18 அல்லது 19. 20 பாகையில் என்றால் 29. அடிவானத்தை ஒட்டி 10 பாகையில் தெரிகிறது என்றால் 60 கிலோமீட்டர். பக்கத்து ஊர்க் கூரைக்கு மேல் போவதுபோல் தோன்றும் விமானம் உண்மையில் இன்னொரு மாவட்டத்தின் மேல் இருக்கலாம். ‘எனக்கு மிக அருகில் இருக்கும் குறி’ என்ற விதி பொய்த்துப்போவது இதனால்தான். தாழ்வாகத் தெரிவதைத் தேடும்போது வரைபடத்தைச் சுருக்கி, அந்தத் திசையில் வெகு தூரம் வரை பாருங்கள்.

படி 4: திரையில் வருவது எங்கிருந்து வருகிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் டிராக்கரைப் பயன்படுத்தலாம். ஆனால் அது எங்கே தவறும் என்பது பிடிபடாது.

இன்றைய விமானங்களில் ட்ரான்ஸ்பாண்டர் என்ற கருவி இருக்கிறது. ஏடிஎஸ்-பி என்ற முறையில் அது 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், யாரும் கேட்காமலேயே, தன் இருப்பிடத்தை விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை அறிவித்துக்கொண்டே போகிறது. இருப்பிடம் விமானத்தின் ஜிபிஎஸ் கருவியிலிருந்து வருகிறது. கூடவே உயரம், வேகம், போகும் திசை, அழைப்புப் பெயர், விமானத்துக்கே உரிய அடையாள எண் ஆகியவையும் வரும். இதில் எதுவும் மறைகுறியாக்கப்பட்டதில்லை. வீட்டுக் கூரையில் சின்ன ஆண்டெனா வைத்திருக்கும் யாரும் கேட்கலாம். உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஆர்வலர்கள் அப்படிக் கேட்டு இணையத்தில் அனுப்புவதைச் சேர்த்துத்தான் தளங்கள் வரைபடம் போடுகின்றன.

ஏடிஎஸ்-பி இல்லாத பழைய ட்ரான்ஸ்பாண்டர்களுக்கு ‘எம்லாட்’ என்ற வழி உண்டு. ஒரே சமிக்ஞை நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட ஆண்டெனாக்களை எந்தெந்த நுண்நொடியில் எட்டியது என்ற வித்தியாசத்தை வைத்து இடத்தைக் கணக்கிடுவார்கள். இப்படிக் கண்டறிந்த விமானம் திரையில் சற்றே நடுங்கிக்கொண்டும் கோணலாகவும் போகும். விமானி தடுமாறுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

ரேடியோ அலை நேர்கோட்டில் போவது. 35,000 அடியில் இருப்பதை 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆண்டெனாகூடக் கேட்கும். சில நூறு அடியில் மலைக்குப் பின்னால் பறக்கும் ஹெலிகாப்டரைப் பக்கத்து ஊர் ஆண்டெனாவும் கேட்காது. பெருங்கடல்களின் நடுவே தரை ஆண்டெனாவே கிடையாது. அங்கே இரிடியம் செயற்கைக்கோள்களில் பொருத்திய கருவிகள் வழியாகக் கேட்கிறார்கள். அது எல்லாத் தளங்களிலும் இலவசமாகக் கிடைப்பதில்லை.

படி 5: எந்தத் தளம்?

ஒன்று போதாது. இரண்டாவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிளைட்ரேடார்24 2006இல் ஸ்வீடனில் இரண்டு ஆர்வலர்கள் தொடங்கியது. 2009இல் யார் வேண்டுமானாலும் ஆண்டெனா வைத்துத் தரவு அனுப்பலாம் என்று திறந்துவிட்டபின் வேகமாகப் பரவியது. புறப்பட்ட இடம், சேரும் இடம், விமானத்தின் படம் எல்லாம் ஒரே தொடுகையில் வருவதால் புதியவர்களுக்கு இதையே சொல்வேன். போனை வானத்தை நோக்கிப் பிடித்தால் விமானத்தின்மேல் பெயர்ப்பலகை ஒட்டிக் காட்டும் வசதியும் இதன் செயலியில் உண்டு. பார்க்க அழகு. ஆனால் போனின் காந்தமுள் கொஞ்சம் பிசகினாலும் பலகை வேறு விமானத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஃபிளைட்அவேர் 2005இல் அமெரிக்காவில் தொடங்கியது. ஒரு குறிப்பிட்ட விமானத்தின் பயண வரலாற்றை, தாமதங்களைப் பார்க்க இது வசதி.

ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச் வேறு ரகம். விமான உரிமையாளர்கள் கேட்டுக்கொண்டால் பெரிய வணிகத் தளங்கள் அவர்களின் விமானத்தை மறைத்துவிடும். இது மறைப்பதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. தனியார் ஜெட்கள், ராணுவ விமானங்கள், பெயரில்லாமல் சுற்றும் பயிற்சி விமானங்கள் இங்கே கிடைக்கும். முதல் பார்வைக்குத் திரை மிரட்டும். விமானக் குறியின் நிறம் உயரத்தைக் குறிக்கிறது என்பது புரிந்தவுடன் பழகிவிடும். தாழ்வானவை ஆரஞ்சு, மிக உயரத்தில் இருப்பவை ஊதா. என் வழக்கம்: முதலில் ஃபிளைட்ரேடார்24, அங்கே கிடைக்காவிட்டால் இது.

ஆராய்ச்சியாளர்களுக்காக சுவிட்சர்லாந்தைத் தளமாகக் கொண்டு இயங்கும் ஓபன்ஸ்கை நெட்வொர்க்கும் இருக்கிறது. பழைய தரவை மொத்தமாக அலச விரும்புகிறவர்களுக்கு அது.

படி 6: பொருத்திப் பார்த்தல்

தளத்தில் உங்கள் இருப்பிடத்தை இயக்குங்கள். வடக்கு மேலே இருக்கட்டும். நீங்கள் பார்த்த பக்கத்தில், நீங்கள் கணக்கிட்ட தூரத்தில், நீங்கள் பார்த்த திசை நோக்கிப் போகும் குறிகள் எவை? பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும். இரண்டு மிஞ்சினால் உயரம் தீர்ப்புச் சொல்லும். 38,000 அடியில் இருப்பது சின்னப் பொட்டு, 6,000 அடியில் இருப்பதில் ஜன்னல் வரிசை தெரியும்.

உயரத்தில் ஒரு ரகசியம் இருக்கிறது. 29,000 முதல் 41,000 அடி வரையில், கிழக்குப் பாதியை நோக்கிப் பறப்பவை 33,000, 35,000, 37,000 என ஒற்றைப்படை ஆயிரங்களிலும், மேற்குப் பாதியை நோக்கிப் பறப்பவை 34,000, 36,000, 38,000 என இரட்டைப்படை ஆயிரங்களிலும் போவது பொதுவான விதி. எதிரெதிரே வருபவை மோதாமல் இருக்க இந்த ஏற்பாடு. சில நாடுகளில் இதையே வடக்கு தெற்காகப் பிரித்திருக்கிறார்கள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் விதிவிலக்கு தருவதும் உண்டு. ஆனாலும் கிழக்கே போன விமானத்தை நீங்கள் பார்த்திருக்க, திரையிலிருப்பது 36,000 அடி என்று சொன்னால், ஒருமுறை சந்தேகப்படுங்கள்.

திரையில் தெரிவது சில விநாடிகள் பழையதாக இருக்கலாம். அந்த நேரத்தில் விமானம் இரண்டு மூன்று கிலோமீட்டர் போய்விடும். எனவே குறியை மட்டும் பார்க்காமல் அதைத் தொட்டு, பின்னால் வரும் தடக்கோட்டைப் பாருங்கள். அந்தக் கோடு நீங்கள் பார்த்த இடத்தின் வழியாகப் போகிறதா என்பதுதான் கேள்வி.

நேரம் தவறிவிட்டால் கவலை வேண்டாம். மறுஓட்ட வசதியில் பின்னோக்கிப் போய், நீங்கள் குறித்த நிமிடத்தில் நிறுத்திப் பார்க்கலாம். தளங்கள் பெரும்பாலும் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தைத்தான் காட்டும். உங்கள் நேரத்தை அதற்கு மாற்ற மறந்துவிட்டு அரை மணி நேரம் வீணாக்கிய அனுபவம் எனக்கு உண்டு.

படி 7: பெயர்ப்பலகையை வாசித்தல்

ஒரு விமானத்தைத் தொட்டவுடன் நான்கைந்து அடையாளங்கள் கொட்டும். எது எது என்று பிரித்தறிவதில்தான் சுவை.

அழைப்புப் பெயர் என்பது அந்தப் பயணத்துக்கானது. மூன்று எழுத்து நிறுவனக் குறி, பின்னால் எண் அல்லது எண்ணும் எழுத்தும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் டிக்கெட்டில் ‘பிஏ’ என்று இருப்பது இங்கே ‘பிஏடபிள்யூ’ ஆகும். விமானி ரேடியோவில் பேசும்போது அதையே ‘ஸ்பீட்பேர்ட்’ என்பார். ஏர் லிங்கஸுக்கு ‘ஷாம்ராக்’, சைனா ஏர்லைன்ஸுக்கு ‘டைனஸ்டி’. ஒரே வான்பகுதியில் ஒலிப்பில் ஒத்த எண்கள் குழப்பக் கூடாது என்று பல நிறுவனங்கள் எண்ணுக்குப் பதில் எழுத்துக் கலவையைப் பயன்படுத்துகின்றன. டிக்கெட் எண்ணோடு ஒத்துப்போகவில்லையே என்று தேடிக் களைக்க வேண்டாம்.

பதிவெண் அந்த விமானத்துக்கானது, காரின் நம்பர் பிளேட் போல. முன்னெழுத்து நாட்டைச் சொல்லும்: இந்தியாவுக்கு விடி, இலங்கைக்கு 4ஆர், சிங்கப்பூருக்கு 9வி, மலேசியாவுக்கு 9எம், அமீரகத்துக்கு ஏ6, ஜெர்மனிக்கு டி, அமெரிக்காவுக்கு என். ஆனால் குத்தகை விமானங்களும் தனியார் ஜெட்களும் அயர்லாந்து, மால்டா, சான் மரினோ போன்ற நாடுகளில் பதிவாகியிருப்பது சகஜம். சான் மரினோவிலிருந்து இத்தனை பணக்காரர்களா என்று நானும் ஒருகாலத்தில் வியந்திருக்கிறேன்.

ஹெக்ஸ் எண் ட்ரான்ஸ்பாண்டரில் பொறித்த 24 பிட் முகவரி, ஆறு எழுத்தாக எழுதப்படும். அழைப்புப் பெயர் காலியாக இருந்தாலும், பதிவெண் மறைக்கப்பட்டாலும், இது இருக்கும். இதுவும் நாடுவாரியாகப் பிரிக்கப்பட்டது: 40 முதல் 43 வரை தொடங்கினால் பிரிட்டன், 7சி ஆஸ்திரேலியா, 80 முதல் 83 வரை இந்தியா, ஏ என்றால் அமெரிக்கா. ஏஇ என்று தொடங்குவது பெரும்பாலும் அமெரிக்க ராணுவம்.

வகைக் குறி நான்கு எழுத்துக்குள் அடங்கும். ஏ20என் என்பது ஏ320 நியோ, பி738 என்பது போயிங் 737-800, பி77டபிள்யூ என்பது 777-300இஆர், ஏடி76 என்பது ஏடிஆர் 72-600. முப்பது குறிகள் மனப்பாடமானால் அன்றாடம் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை அடங்கிவிடும்.

ஸ்குவாக் என்ற நான்கு இலக்க எண்ணைக் கட்டுப்பாட்டாளர் தருகிறார். இதில் 8உம் 9உம் வராது. 7500 கடத்தல், 7600 ரேடியோ செயலிழப்பு, 7700 பொதுவான அவசரநிலை. 7700ஐப் பார்த்தவுடன் விபத்து என்று உலகுக்கு அறிவிக்காதீர்கள். பயணி ஒருவருக்கு உடல்நிலை மோசமானாலும் அந்த எண் வரும். பெரும்பாலான விமானங்கள் பத்திரமாக இறங்கிவிடுகின்றன.

உயரம் பற்றி ஓர் எச்சரிக்கை. திரையில் வழக்கமாகத் தெரிவது காற்றழுத்தத்தை 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக் கணக்கிட்ட உயரம். அன்றைய அழுத்தம் வேறாக இருந்தால் தாழப் பறக்கும் விமானத்தின் எண் சில நூறு அடி தள்ளியிருக்கும். கடலோர ஓடுபாதைக்கு இறங்கும் விமானம் ‘மைனஸ்’ உயரத்தில் தெரிந்தால் அது கடலுக்குள் போகவில்லை.

படி 8: மறுபடியும் வானம்

திரை ஒரு பெயர் சொல்லிவிட்டது. இப்போது அந்தப் பெயர் கண்ணால் பார்த்ததோடு பொருந்துகிறதா என்று சோதியுங்கள். 8 மடங்கு அல்லது 10 மடங்கு பைனாகுலர் இருந்தால் நல்லது. சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் அதைத் திருப்பாதீர்கள்.

புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது ஏ320உம் 737உம். கீழிருந்து பார்க்கும்போது எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் சக்கரங்கள். 737இன் முக்கியச் சக்கரங்களுக்கு முழு மூடி கிடையாது. உள்ளே மடித்த பிறகும் வயிற்றில் இரண்டு கறுப்பு வட்டங்களாகத் தெரியும். பக்கவாட்டில் தெரிந்தால் வாலைப் பாருங்கள்: 737இன் வால் செங்குத்தாக எழும் இடத்தில் முன்பக்கம் ஒரு முக்கோணச் சரிவு இருக்கும். ஏ320இல் அது இல்லை.

பெரியவற்றில், 787இன் இறக்கை பறக்கும்போது வில்போல மேல்நோக்கி வளையும். என்ஜினின் பின்விளிம்பு ரம்பப் பல் போல இருக்கும். ஏ350க்கு விமானி அறை ஜன்னல்களைச் சுற்றிக் கறுப்புக் கண்ணாடி மாட்டியது போன்ற பட்டை. 777 சக்கரத்தை இறக்கினால் ஒவ்வொரு பக்கமும் ஆறு சக்கரங்கள். ஏ380க்கும் 747க்கும் நான்கு என்ஜின்கள். 747இல் முன்பக்க மேல்தளம் திமில்போல எழும், ஏ380இல் மேல்தளம் முழு நீளத்துக்கும் ஓடும். உயரத்தில் உடலே தெரியாதபோது வெண்கோட்டை எண்ணலாம். அது காற்று ஏறத்தாழ மைனஸ் 40 பாகைக்கும் கீழே குளிர்ந்திருக்கும்போது என்ஜின் நீராவி உறைந்து உருவாவது. நான்கு என்ஜின் விமானத்துக்குப் பின்னால் நான்கு கோடுகள் புறப்பட்டு விரைவிலேயே இரண்டாகச் சேரும்.

இரவில் இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலதில் பச்சை, பின்னால் வெள்ளை. சிவப்பு உங்கள் வலப்பக்கமும் பச்சை இடப்பக்கமும் தெரிந்தால் விமானம் உங்களை நோக்கி வருகிறது.

வண்ணமும் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உடனே தவறு என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு நிறுவனத்தின் பயணத்தை இன்னொரு நிறுவனத்தின் குத்தகை விமானம் செய்வது உண்டு. என்ஜின் எண்ணிக்கை பொருந்தாவிட்டால் மட்டும் சந்தேகமே வேண்டாம். படி 6க்குத் திரும்புங்கள்.

திரையில் இல்லவே இல்லை என்றால்

முதலில் அது விமானம்தானா? மினுங்காமல், ஒரே சீராக, சத்தமின்றி நாலைந்து நிமிடத்தில் வானத்தைக் கடக்கும் பிரகாசமான வெண்புள்ளி சர்வதேச விண்வெளி நிலையமாக இருக்கலாம். அது 400 கிலோமீட்டர் மேலே போகிறது, எந்த விமான டிராக்கரிலும் வராது. வரிசையாகப் போகும் புள்ளிகள் என்றால் புதிதாக ஏவிய ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள்.

விமானம்தான் என்று உறுதியாகத் தெரிந்தால், தளத்தில் சில விமானங்களை மட்டும் காட்டும் வடிகட்டி ஏதாவது இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பல ‘மர்ம விமானங்கள்’ இப்படித்தான் தீர்ந்தன. அடுத்து இன்னொரு தளத்தில் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால் ட்ரான்ஸ்பாண்டரை அணைத்த ராணுவ விமானம், கருவியே இல்லாத சிறிய விமானம், அல்லது ஆண்டெனாவுக்கு எட்டாத தாழ்வான ஹெலிகாப்டர். ராணுவம் எப்போதும் ஒளிந்தே பறக்கும் என்றும் இல்லை. 2022 செப்டம்பர் 13 அன்று எலிசபெத் அரசியின் உடலை எடின்பரோவிலிருந்து லண்டனுக்குக் கொண்டுவந்த பிரிட்டிஷ் விமானப்படையின் சி-17ஐ ஃபிளைட்ரேடார்24 வழியாக லட்சக்கணக்கானோர் நேரலையில் பின்தொடர்ந்தார்கள்.

போர் நடக்கும் பகுதிகளுக்கு அருகில் ஜிபிஎஸ் சமிக்ஞையைக் குலைக்கிறார்கள். அப்போது விமானமே தன் இடத்தைத் தவறாக அறிந்து தவறாக அறிவிக்கும். நேராகப் போன விமானம் திடீரென்று நூறு கிலோமீட்டர் தள்ளிக் குதித்து ஓரிடத்தில் வட்டமடிப்பதாகத் தெரிந்தால் காரணம் இது.

ஆசை விடாதவர்களுக்கு

உங்கள் பகுதியில் தாழப் பறப்பவை திரையில் வருவதே இல்லையென்றால், நீங்களே ஆண்டெனா வைக்கலாம். ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினி, ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற யுஎஸ்பி ரேடியோ, அது கேட்கும் சமிக்ஞையைப் பிரித்துப் படிக்கும் டம்ப்1090 மென்பொருள் ஆகியவை போதும். 1090 மெகாஹெர்ட்ஸின் கால் அலைநீளம் 7 சென்டிமீட்டருக்குள்தான், ஆகவே ஆண்டெனா விரல் நீளமே. விலையுயர்ந்த கருவியைவிட உயரமான, மறைப்பில்லாத இடம்தான் முக்கியம். தரவைப் பகிர்பவர்களுக்குப் பெரிய தளங்கள் கட்டணச் சந்தாவை இலவசமாகத் தருகின்றன. ரேடியோ கேட்கும் கருவிகளுக்குச் சில நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. வாங்குவதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள்.

நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தேதி, யுடிசி நேரம், திசை, எத்தனை முட்டி உயரம், கண்ணால் பார்த்தது என்ன, திரை சொன்னது என்ன என்று கடைசி இரண்டையும் தனித்தனிக் கட்டங்களில் எழுதுங்கள். ஒத்துப்போகாத நாள்களில் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விடுங்கள். என் நோட்டில் இன்னமும் பதினோரு வெற்றுக் கட்டங்கள் இருக்கின்றன.